விளையாட்டு ஒளிப்படவியல்

விளையாட்டு ஒளிப்படவியல் என்பது விளையாட்டுப் போட்டிகளையும் அவற்றில் பங்கேற்போரையும் ஒளிப்படங்களாகப் பதிவு செய்யும் ஒளிப்படவியலின் ஒரு பிரிவாகும். இதழியல், விளம்பரம், பயிற்சி, போட்டி முடிவுகளை அறுதியிடல், ஆவணப்படுத்தல் ஆகிய தேவைகளுக்கு இது பயன்படுகிறது. விரைந்து நகரும் ஒருவரை, பெரும்பாலும் தொலைவிலிருந்து, ஒளிப்படக்காரரின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒளியில், ஒரு முறை மட்டுமே நிகழும் கணத்தில் படம் பிடிக்க வேண்டியிருப்பதே இதனைப் பிற பிரிவுகளிலிருந்து வேறுபடுத்துகிறது.

இத்துறையின் முதன்மைச் சிக்கல் படத்தின் கூர்மை ஆகும். கூர்மை குறைவதற்குப் பொருளின் அசைவு, கருவியின் அசைவு, குவியப் பிழை என மூன்று தனித்தனிக் காரணங்கள் உள்ளன. ஒன்றிற்கான தீர்வு மற்றொன்றிற்குப் பயன்படாது. எனவே கருவியைத் தேர்ந்தெடுப்பதும் அதன் அமைப்புகளை முடிவு செய்வதும் இம்மூன்றையும் பிரித்தறிவதில் தொடங்குகின்றன. நீலகிரி மாவட்டத்தின் கேத்தி பள்ளத்தாக்கு போன்ற மலைப்பகுதிகளில் ஒளி சில நிமிடங்களுக்குள் மாறிவிடுவதால் இத்தேர்வு மேலும் கடினமாகிறது.

வரலாறு

தொடக்கம்

விரைவான அசைவைத் தெளிவாகப் பதிவு செய்த தொடக்ககால முயற்சிகளுள் புகழ்பெற்றது குதிரை ஓட்டத்தைப் பற்றியதாகும். 1878 ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் 12 ஒளிப்படக்கருவிகளை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையை அடுத்தடுத்துப் படம் எடுத்தார். ஓட்டத்தின் ஒரு கட்டத்தில் குதிரையின் நான்கு கால்களும் தரையில் படாமல் இருப்பதை அப்படங்கள் காட்டின. அதுவரை கண்ணால் தீர்க்க முடியாதிருந்த ஓர் ஐயம் ஒளிப்படத்தால் தீர்ந்தது.

தட்டுகளும் சுருள்களும் பயன்பட்ட காலத்தில் எடுக்கக்கூடிய படங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. 1960 ஆம் ஆண்டு திசம்பர் 14 அன்று பிரிஸ்பேனில் ஆத்திரேலியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இடையிலான கிரிக்கெட் தேர்வுப் போட்டி சமநிலையில் முடிந்தது. தேர்வுப் போட்டி வரலாற்றில் அத்தகைய முடிவு அதுவே முதன்முறை. கடைசி விக்கெட் வீழ்ந்த கணத்தை 'தி ஏஜ்' நாளிதழின் ரான் லோவிட் எடுத்த படம் கிரிக்கெட்டின் புகழ்பெற்ற படங்களுள் ஒன்றாக உள்ளது.

1985இல் வெளிவந்த மினோல்ட்டா 7000 தானியங்கிக் குவியத்தைப் பரவலாக்கியது. 1999இல் வெளிவந்த நிக்கான் டி1 செய்தித்துறையில் எண்ணிமக் கருவிகளுக்கு வழி திறந்தது. 2017இல் வெளிவந்த சோனி ஆல்பா 9, இயந்திர மூடி இன்றி நொடிக்கு 20 படங்கள் எடுக்கக்கூடியதாக இருந்தது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஆல்பா 9 III, உணரியின் எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்து, நொடிக்கு 120 படங்கள் வரை எடுக்கிறது.

முடிவுக்கோட்டு ஒளிப்படம்

ஓட்டப்பந்தயங்களிலும் குதிரைப்பந்தயங்களிலும் வெற்றியாளரை அறுதியிடப் பயன்படும் கருவி வேறு வகையானது. அது ஒடுங்கிய பிளவு வழியாக முடிவுக்கோட்டை மட்டுமே இடைவிடாமல் பதிவு செய்கிறது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டியில் 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் இந்தியாவின் பி. டி. உஷா 55.42 நொடிகளில் ஓடி நான்காம் இடம் பெற்றார். மூன்றாம் இடம் பெற்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41 நொடிகள். ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கே வேறுபாடு. ஓட்டத்தின் சராசரி வேகத்தில் இது ஏறத்தாழ 7 செ.மீ. தொலைவாகும்.

தமிழ்நாடும் நீலகிரியும்

சென்னையிலிருந்து 'தி இந்து' குழுமம் வெளியிட்ட 'ஸ்போர்ட் அண்டு பாஸ்டைம்' வார இதழும், 1978இல் தொடங்கப்பெற்ற 'ஸ்போர்ட்ஸ்டார்' இதழும் இந்தியாவில் விளையாட்டு ஒளிப்படங்களைப் பரவலாக அறிமுகப்படுத்தியவற்றுள் அடங்கும்.

நீலகிரி மாவட்டத்திற்கு ஒளிப்படத்துறையுடன் நேரடித் தொடர்பு உண்டு. நடுவண் அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960இல் உருவாக்கப்பட்டு, உதகமண்டலத்தை அடுத்த இந்து நகரில் அமைந்த ஆலையில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்னும் வணிகப்பெயரில் அது கருப்பு-வெள்ளைப் படச்சுருள்களை விற்றது. 1990களில் கடும் இழப்புக்கு உள்ளான அந்நிறுவனம் பின்னர் மூடப்பட்டது. 35 மி.மீ. சுருள் ஒன்றில் 36 படங்களே எடுக்க முடியும். ஒளியுணர்திறனும் சுருள் முழுவதற்கும் ஒன்றே. ஆட்டத்தின் நடுவே மேகம் சூழ்ந்தால் இன்று ஒரு விசையைத் திருப்பிச் செய்யும் மாற்றத்திற்கு அன்று சுருளையே மாற்ற வேண்டியிருந்தது.

உதகமண்டலம் குதிரைப்பந்தயத் திடலில் கோடைக் காலந்தோறும் நடைபெற்ற பந்தயங்கள், இம்மாவட்டத்தில் விரைவான அசைவைப் படம் பிடிக்க நெடுங்காலம் வாய்ப்பளித்தன. சென்னை பந்தயக் கழகத்தின் பொறுப்பிலிருந்த அந்நிலத்தை 2024 ஜூன் மாதத்தில் வருவாய்த்துறை தன்வசம் எடுத்துக்கொண்டது.

கூர்மை குறைவதற்கான காரணங்கள்

பொருளின் அசைவு

மூடி திறந்திருக்கும் நேரத்திற்குள் பொருள் நகர்ந்துவிட்டால் அதன் உருவம் இழுபட்டுத் தெரியும். நகர்ச்சியின் அளவைக் கணக்கிடுவது எளிது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடும் குதிரை 1/125 நொடியில் ஏறத்தாழ 13 செ.மீ. நகரும். 1/1000 நொடியில் 1.7 செ.மீ. மட்டுமே நகரும். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வீசப்படும் கிரிக்கெட் பந்து 1/1000 நொடியில் 3.9 செ.மீ. நகர்வதால், தன் விட்டத்தில் பாதிக்கு மேல் இழுபட்டுத் தெரியும். 1/4000 நொடியில் இது சுமார் 1 செ.மீ. ஆகக் குறைகிறது.

அசைவின் திசையும் முக்கியமானது. கருவிக்குக் குறுக்காக ஓடுபவரின் உருவம் மிகுதியாக இழுபடும். கருவியை நோக்கி நேராக ஓடி வருபவரின் உருவம் குறைவாகவே இழுபடும். மேலும், ஓடுபவரின் கையும் காலும் உடலைவிட விரைவாக அசைகின்றன. முகம் தெளிவாகவும் கால்கள் கலங்கியும் இருக்கும் படங்களுக்கு இதுவே காரணம்.

கருவியின் அசைவு

கையில் பிடித்த கருவியின் நடுக்கம் படம் முழுவதையும் ஒரே திசையில் கலங்கச் செய்கிறது. குவியத்தூரம் மில்லிமீட்டரில் எவ்வளவோ, அந்த எண்ணின் தலைகீழ் மதிப்பைவிட மெதுவான மூடுவேகத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது பழைய நடைமுறை விதி. அதாவது 400 மி.மீ. வில்லைக்கு 1/400 நொடியோ அதைவிடக் குறுகிய நேரமோ தேவை. கருவிகளிலும் வில்லைகளிலும் உள்ள அதிர்வுக் குறைப்பு வசதி இந்நடுக்கத்தை மட்டுமே ஈடு செய்கிறது. ஓடும் வீரரை அது நிறுத்தி வைப்பதில்லை. விற்பனை விளம்பரங்களில் இவ்வேறுபாடு பெரும்பாலும் தெளிவாகக் கூறப்படுவதில்லை.

குவியப் பிழை

மூடுவேகம் போதுமானதாக இருந்தும், வீரருக்குப் பின்னாலுள்ள பார்வையாளர்கள் தெளிவாகவும் வீரர் மங்கலாகவும் அமைந்தால் அது குவியப் பிழையாகும். தொலைவைக் கிட்டத்தில் காட்டும் நீண்ட வில்லைகளில் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. முழுச்சட்ட உணரியில், 400 மி.மீ. வில்லையை எஃப்/2.8 துளையில் வைத்து 30 மீட்டர் தொலைவிலுள்ளவரைப் படம் எடுத்தால், கூர்மையான பகுதி ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே இருக்கும். நொடிக்கு 8 மீட்டர் ஓடுபவர் அதை எட்டில் ஒரு நொடியில் கடந்துவிடுவார்.

காரணத்தைக் கண்டறிதல்

எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எந்தக் காரணம் என்பதை அறியலாம்.

- நிலையான பொருள்கள் தெளிவாகவும் நகரும் பொருள் மட்டும் இழுபட்டும் இருந்தால்: பொருளின் அசைவு. மூடுவேகத்தைக் கூட்ட வேண்டும்.
- எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால்: கருவியின் அசைவு. தாங்கியோ கூடுதல் மூடுவேகமோ தேவை.
- வீரருக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் கூர்மையாக இருந்தால்: குவியப் பிழை. குவிய அமைப்பை மாற்ற வேண்டும்.
- எங்குமே கூர்மை இல்லாமல், இழுபடலும் இல்லாமல் வெளிறி இருந்தால்: மூடுபனி, வெப்பக் காற்றலை, அல்லது வில்லையின் மீது படிந்த ஈரம்.

கருவிகள்

ஒளிப்படக்கருவி

விளையாட்டுக்கான கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது படப்புள்ளிகளின் எண்ணிக்கையைவிட மூன்று பண்புகள் முதன்மையானவை: நகரும் பொருளைத் தொடரும் தானியங்கிக் குவியம், உயர் ஒளியுணர்திறனில் படத்தின் தரம், தொடர் பதிவின் வேகமும் நினைவக இடமும். 20 முதல் 24 மெகாபிக்சல் கொண்ட உணரி நாளிதழ், இணையம், சுவரொட்டி ஆகிய பயன்களுக்குப் போதுமானது.

ஆடி கொண்ட டி.எஸ்.எல்.ஆர். கருவிகளின் இடத்தை ஆடியில்லாக் கருவிகள் பெருமளவு பிடித்துவிட்டன. இவற்றுள் பல, முகத்தையும் கண்ணையும் தாமே கண்டறிந்து தொடர்கின்றன. எனினும் விலை குறைந்த ஆடியில்லாக் கருவிகளில் ஓசையற்ற மின்னணு மூடியைப் பயன்படுத்தும்போது, உணரி மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கப்படுவதால், சுழலும் மட்டை வளைந்து தோன்றக்கூடும். அத்தகைய கருவிகளில் இயந்திர மூடியைப் பயன்படுத்துவது நல்லது. முன்பு பயன்பட்ட உயர்தர டி.எஸ்.எல்.ஆர். கருவிகள் இரண்டாம் கையாகக் குறைந்த விலையில் கிடைப்பதால், பள்ளி, கல்லூரி, ஊர்ப் போட்டிகளுக்கு அவை இன்றும் ஏற்றவையே.

ஏ.பி.எஸ்-சி அளவுள்ள சிறிய உணரி, படத்தின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால், 200 மி.மீ. வில்லை முழுச்சட்டக் கருவியில் 300 மி.மீ. வில்லை தரும் காட்சிக்கோணத்தைத் தரும். நீண்ட வில்லை வாங்க இயலாதவர்களுக்கு இது நன்மை. குறைந்த ஒளியில் முழுச்சட்ட உணரியே மேலானது.

வில்லை

லென்ஸ் எனப்படும் வில்லையே படத்தின் கூர்மையில் பெரும்பங்கு வகிக்கிறது. செலவிடும் தொகையில் பெரும்பகுதியை வில்லைக்கு ஒதுக்குவது பயன்தரும்.

- 70-200 மி.மீ. எஃப்/2.8: உள்ளரங்குகளுக்கும் சிறிய திடல்களுக்கும் மிகவும் பயனுள்ளது. முழுச்சட்டக் கருவியில் 200 மி.மீ. குவியத்தூரத்தில், 30 மீட்டர் தொலைவில் 5.4 மீட்டர் அகலப் பரப்பு படத்தில் அடங்கும்.
- 300 மி.மீ. எஃப்/4: எடை குறைவு. பகல்நேரக் கால்பந்து, ஓட்டப்பந்தயங்களுக்குப் போதுமானது.
- 400 மி.மீ. எஃப்/2.8: தொழில்முறைக் கலைஞர்களின் வில்லை. விலையும் எடையும் மிகுதி.
- 100-400 மி.மீ., 150-600 மி.மீ. போன்ற மாறு குவியத்தூர வில்லைகள்: நல்ல வெயிலில் சிறந்தவை. நீண்ட முனையில் துளை எஃப்/5.6 அல்லது எஃப்/6.3 ஆகச் சுருங்குவதால் மாலையிலும் மூடுபனியிலும் திணறும்.
- 50 மி.மீ. எஃப்/1.8, 85 மி.மீ. எஃப்/1.8: விலை குறைந்தவை. இறகுப்பந்து, கபடி போன்றவற்றை அருகிலிருந்து எடுக்க ஏற்றவை.

தாங்கிகள்

முக்காலி இடத்தை அடைப்பதாலும் விரைவாகத் திருப்ப முடியாததாலும் விளையாட்டில் குறைவாகவே பயன்படுகிறது. ஒற்றைக்கால் தாங்கி எடையைத் தாங்கியபடியே பக்கவாட்டில் திரும்ப இடமளிக்கிறது. கனமான வில்லைகளில் தாங்கியை வில்லையின் கழுத்துப்பட்டையில் பொருத்த வேண்டும், கருவியின் அடியில் பொருத்தக்கூடாது.

அமைப்புகள்

மூடுவேகம்

விளையாட்டுப் படங்களில் முதலில் முடிவு செய்ய வேண்டியது மூடுவேகமே. பொதுவான தொடக்க அளவுகள் வருமாறு:

- பரிசளிப்பு, அணிவகுப்பு: 1/250 நொடி
- குறைந்த அசைவுள்ள ஆட்டங்கள்: 1/250 முதல் 1/500 நொடி
- கபடி, கைப்பந்து, ஓட்டப்பந்தயம்: 1/1000 நொடி
- கால்பந்து, வளைதடிப் பந்து, குதிரைப்பந்தயம்: 1/1000 முதல் 1/1600 நொடி
- கிரிக்கெட், இறகுப்பந்து: 1/2000 நொடி, பந்து தெளிவாகத் தெரிய 1/4000 நொடி

துளை

துளையை அகலத் திறப்பதால் (சிறிய எஃப்-எண்) இரு நன்மைகள் உண்டு. ஒளி மிகுதியாக வருவதால் மூடுவேகத்தைக் கூட்டலாம். பின்னணி மங்குவதால் வீரர் தனித்துத் தெரிவார். ஆழம் குறைவதே இதன் விலை. விலை குறைந்த வில்லைகள் முழுத் துளையில் சற்று மென்மையான படம் தருமானால், ஒரு படி சுருக்கினால் கூர்மை மேம்படும். ஒளியை இரு மடங்காகவோ பாதியாகவோ மாற்றுவது 'ஒரு படி' எனப்படும்.

ஒளியுணர்திறன்

மூடுவேகமும் துளையும் முடிவானபின் எஞ்சிய குறையை ஐ.எஸ்.ஓ எண்ணால் குறிக்கப்படும் ஒளியுணர்திறன் ஈடு செய்கிறது. இதைக் கூட்டினால் இரைச்சல் எனப்படும் மணல் போன்ற புள்ளிகள் தோன்றும். இதற்கு அஞ்சி மூடுவேகத்தைக் குறைப்பது தொடக்கநிலையாளர்களிடம் பரவலாகக் காணப்படும் வழக்கம். இரைச்சலை மென்பொருளால் பெருமளவு குறைக்கலாம். இழுபட்ட முகத்தை அவ்வாறு மீட்க இயலாது. எனவே கூர்மைக்கும் இரைச்சலுக்கும் இடையே தேர்வு செய்ய வேண்டிவந்தால் இரைச்சலை ஏற்பதே முறை.

1/1000 நொடி மூடுவேகத்திற்குத் தேவைப்படும் ஏறத்தாழ அளவுகள்:

- தெளிந்த வெயில்: எஃப்/5.6 துளையில் ஐ.எஸ்.ஓ 100
- மெல்லிய மேகம்: எஃப்/5.6 துளையில் 400, எஃப்/2.8 துளையில் 100
- அடர்ந்த மேகம்: எஃப்/5.6 துளையில் 800, எஃப்/2.8 துளையில் 200
- அடர்ந்த மூடுபனி, மலைநிழல்: எஃப்/5.6 துளையில் 1600, எஃப்/2.8 துளையில் 400
- கதிரவன் மறைந்தபின்: எஃப்/5.6 துளையில் 6400, எஃப்/2.8 துளையில் 1600
- நல்ல விளக்கொளியுள்ள உள்ளரங்கு: எஃப்/5.6 துளையில் 12,800, எஃப்/2.8 துளையில் 3200

எஃப்/2.8 வில்லைகளுக்கு மிகுதியான விலை கொடுக்கப்படுவதன் காரணத்தை இப்பட்டியல் விளக்குகிறது. வெயிலில் இருவகை வில்லைகளுக்கும் வேறுபாடு சிறிது. மேகமும் இரவும் வரும்போது எஃப்/2.8 துளை தரும் நான்கு மடங்கு ஒளி முக்கியமாகிறது.

மூடுவேகத்தையும் துளையையும் கையால் நிறுத்தி, ஒளியுணர்திறனை மட்டும் கருவியே தெரிவு செய்யுமாறு விடுவது மாறும் ஒளிக்கு ஏற்ற முறையாகும்.

குவிய அமைப்பு

நகரும் பொருளுக்குத் தொடர் குவியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒற்றைக் குவியத்தில் கருவி ஒருமுறை குவித்துவிட்டு நின்றுவிடும். வீரர்கள் நெருங்கி மோதும் ஆட்டங்களில் ஒரு புள்ளியையோ சிறிய புள்ளித்தொகுதியையோ பயன்படுத்துவதும், தனித்து ஓடுபவருக்கு அகன்ற பரப்பைப் பயன்படுத்துவதும் பொருந்தும். குவிக்கும் வேலையைப் படமெடுக்கும் பொத்தானிலிருந்து பிரித்துக் கருவியின் பின்புறப் பொத்தானுக்கு மாற்றிக்கொள்வோர் பலர். இடையில் நடுவர் குறுக்கிட்டால் விரலை எடுத்துவிட்டுக் குவியத்தை அப்படியே நிறுத்த இது உதவுகிறது.

நிகழ்வு எங்கே நடக்கும் என்பது முன்பே தெரிந்தால் அவ்விடத்தில் முன்கூட்டியே குவித்து வைக்கலாம். நீளம் தாண்டும் பலகை, தடைதாண்டும் ஓட்டத்தின் தடை, ஏறுதழுவலின் வாடிவாசல் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

தொடர் பதிவு

நொடிக்கு 8 முதல் 10 படங்கள் பெரும்பாலான தேவைகளுக்குப் போதுமானவை. நொடிக்கு 10 படங்கள் எடுத்தாலும் இரு படங்களுக்கு இடையே பத்தில் ஒரு நொடி இடைவெளி உண்டு. அதற்குள் மணிக்கு 140 கி.மீ. வேகப் பந்து ஏறத்தாழ 4 மீட்டர் கடந்துவிடும். எனவே பொத்தானை அழுத்திப் பிடித்திருப்பது நேரம் அறிந்து அழுத்துவதற்கு மாற்றாகாது.

மலைப்பகுதிகளில்: கேத்தி

கேத்தி, உதகமண்டலத்திற்கும் குன்னூருக்கும் இடையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் அமைந்த பள்ளத்தாக்கு ஆகும். நீலகிரி மலை இரயில்பாதையில் அரவங்காட்டிற்கும் லவ்டேலுக்கும் இடையே கேத்தி நிலையம் உள்ளது. படுகர் ஊர்கள், தேயிலைத் தோட்டங்கள், மலைக்காய்கறி நிலங்கள், லெய்ட்லா நினைவுப் பள்ளி, சி.எஸ்.ஐ. பொறியியல் கல்லூரி ஆகியவை இப்பகுதியில் உள்ளன. ஊர் இளைஞர்களின் கிரிக்கெட், கால்பந்து ஆட்டங்களையும் பள்ளி, கல்லூரி விளையாட்டு விழாக்களையும் படம் எடுப்போர் சமவெளியில் இல்லாத சில நிலைமைகளை எதிர்கொள்கின்றனர்.

ஒளி

உயரமான இடங்களில் தெளிந்த நாளின் வெயில் கடுமையாகவும் நிழல் மிகக் கருமையாகவும் இருக்கும். தொப்பி அணிந்த மட்டையாளரின் முகம் நிழலில் மறைந்துவிடும். பச்சைப் புல் வெளிச்சத்தை ஓரளவே மேலே எறிவதால் காலைச் சாய்வொளியே முகங்களுக்கு நல்லது. மாலையில் கதிரவன் அடிவானத்தை அடையும் முன்பே மலைமுகட்டின் பின் மறைந்துவிடுவதால், திடலின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் இருக்கும். இரண்டிற்கும் இடையே மூன்று படிகளோ அதற்கு மேலோ வேறுபாடு இருக்கலாம். ஓடுபவர் வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும்போது தானியங்கி ஒளியுணர்திறன் பின்தொடரும். முழுவதும் கைமுறை அமைப்பில் இருப்பவர் ஒரு பாதியை மட்டுமே தேர்ந்து அதில் காத்திருக்க வேண்டும்.

மூடுபனி

தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் பிற்பகலில் மூடுபனி இறங்குவது இம்மலைகளில் வழக்கம். மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து, கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்கின்றன. தானியங்கிக் குவியம் இவ்வேறுபாட்டை நம்பியே இயங்குவதால் முன்னும் பின்னும் தேடி அலைகிறது. இந்நிலையில் பின்வருவன உதவும்:

- நீண்ட வில்லையை நம்பித் தொலைவில் நிற்பதைவிட அருகில் செல்லுதல். இடையில் உள்ள பனியின் அளவு குறைவதே இதன் பயன்.
- சட்டையின் எண், காலர் போன்ற அழுத்தமான விளிம்புகளில் குவித்தல்.
- வில்லையில் குவிய எல்லை விசை இருந்தால், தேடும் தொலைவைச் சுருக்குதல்.
- வெண்மையான பனியைக் கண்டு ஒளிமானி படத்தைக் கருமையாக்குவதால், ஒளியேற்பை ஏறத்தாழ ஒரு படி வரை கூட்டுதல்.
- மரங்கள் அடர்ந்த பக்கத்தைப் பின்னணியாகக் கொள்ளுதல்.

ஈரமும் குளிரும்

குளிர்ந்த திடலிலிருந்து வெப்பமான அறைக்குள் கருவியைக் கொண்டு சென்றால் காற்றின் ஈரம் வில்லையின் மீது படியும். உள்ளே நுழையும் முன்பே கருவியை ஒரு நெகிழிப் பையில் இட்டு மூடி, அறையின் வெப்பநிலையை அது அடையும்வரை திறக்காமல் வைத்தால், ஈரம் பையின் வெளிப்புறத்தில் படிந்துவிடும். நெடுநாள் ஈரத்தில் இருக்கும் வில்லைகளின் உள்ளே பூஞ்சை படர்ந்து கூர்மையை நிலையாகக் கெடுத்துவிடும் என்பதால், காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பது இம்மலைவாழ் ஒளிப்படக்காரர்களுக்கு இன்றியமையாதது. திசம்பர், சனவரி மாதங்களின் உறைபனிக் காலையில் மின்கலங்கள் விரைவில் தளர்வதால் மாற்று மின்கலத்தைச் சட்டையின் உட்பையில் வைத்திருப்பர்.

திடலின் அமைப்பு

மலைச்சரிவை வெட்டிச் சமன்படுத்திய திடல்களில் ஒரு பக்கம் மேடாக இருக்கும். மேட்டிலிருந்து எடுத்தால் புல்தரையே பின்னணியாவதால் படம் ஒழுங்காக அமையும், ஆனால் வீரர்கள் குறுகித் தோன்றுவர். தாழ்ந்த பக்கத்தில் அமர்ந்து எடுத்தால் வீரர் உயர்ந்து தோன்றுவார், பின்னணியில் பள்ளத்தாக்கும் வானமும் அமையும். வெளிறிய வானம் முகத்தைக் கருமையாக்குவதால் அப்போது ஒளியேற்பைக் கூட்ட வேண்டும்.

சில விளையாட்டுகள்

- கிரிக்கெட்: எல்லைக்கோட்டிலிருந்து ஆடுகளம் ஏறத்தாழ 60 முதல் 70 மீட்டர் தொலைவில் இருப்பதால் 400 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட வில்லை தேவை. சிறிய ஊர்த் திடல்களில் 200 முதல் 300 மி.மீ. போதும். பந்துவீச்சாளரின் கைக்குப் பின்னால், மட்டையாளரின் பார்வை நேர்க்கோட்டில் நிற்கவோ நடக்கவோ கூடாது.
- கால்பந்து: இலக்குக் கம்பத்திற்கு அருகே, திடலின் மூலையில் தாழ்ந்து அமர்ந்தால் முன்னேறும் வீரர்கள் கருவியை நோக்கி வருவர். இழுபடலும் குறையும், முகமும் தெரியும்.
- கபடி: உள்ளரங்கில் ஒளி குறைவு. இந்தியாவில் மின்வழங்கல் 50 எர்ட்சு என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. அடுத்தடுத்த படங்களில் நிறமும் ஒளியும் மாறினால் கருவியின் ஒளித்துடிப்புத் தவிர்ப்பு வசதியைப் பயன்படுத்த வேண்டும்.
- இசுனூக்கர்: 1875இல் ஜபல்பூரில் உருவாகி, 1880களில் உதகமண்டலம் கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்ட ஆட்டம் இது. மேசை விளக்கின் ஒளியே உள்ளதால் அகன்ற துளையும் ஓசையற்ற மூடியும் தேவை. மின்வெட்டொளி பயன்படுத்தப்படுவதில்லை.
- தோடர்களின் கல் தூக்கல்: உருண்டையான கனத்த கல்லைத் தோளுக்கு உயர்த்தும் இவ்வாட்டத்தில் வேகம் குறைவு. 1/250 முதல் 1/500 நொடி போதுமானது. கல் தோளை அடையும் கணமே படத்திற்குரியது.

உடன்நகர்த்தல்

ஓடுபவருடன் கருவியையும் ஒரே வேகத்தில் திருப்பியபடி 1/30 முதல் 1/125 நொடியில் எடுப்பது உடன்நகர்த்தல் எனப்படும். ஓடுபவர் தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் அமைந்து வேகத்தை உணர்த்தும். 2016 ரியோ ஒலிம்பிக்கின் 100 மீட்டர் அரையிறுதியில் உசைன் போல்ட் புன்னகைத்தபடி ஓடுவதைக் காட்டும் கேமரன் ஸ்பென்சரின் படம் இம்முறையில் எடுக்கப்பட்டது. தோல்வியடையும் படங்கள் மிகுதி என்பதால், தேவையான படங்களை எடுத்து முடித்தபின் இதனை முயல்வது வழக்கம்.

இடமும் முன்கணிப்பும்

கருவி எவ்வளவு சிறந்ததாயினும், முகம் தெரியாத பக்கத்தில் நிற்பவருக்குப் படம் கிடைப்பதில்லை. 1965 மே 25 அன்று லூயிஸ்டனில் முகமது அலி, சன்னி லிஸ்டனை வீழ்த்தி அவர்மேல் நின்று முழங்கிய கணத்தை நீல் லைபர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதே இதழைச் சேர்ந்த மூத்த ஒளிப்படக்காரர் மேடையின் எதிர்ப்பக்கத்தில் இருந்தார். அப்படத்தில் அவர் அலியின் கால்களுக்கு இடையே காணப்படுகிறார். அலியின் முதுகுப்புறமே அவருக்குக் கிடைத்தது.

ஆட்டத்தின் விதிகளையும் ஆடுபவரின் இயல்பையும் அறிந்தவர் நிகழ்வுக்குச் சற்று முன்பே கருவியை உயர்த்துகிறார். ஊர்ப் போட்டிகளைத் தொடர்ந்து பார்க்கும் உள்ளூர் ஒளிப்படக்காரருக்கு இதில் வெளியாரைவிட நன்மை அதிகம். எந்த இளைஞர் எப்பக்கம் அடிப்பார், பனி எந்தச் சரிவில் முதலில் இறங்கும் என்பன அவருக்கு முன்பே தெரியும்.

நெறிமுறைகள்

பல உள்ளரங்கு ஆட்டங்களிலும் குதிரைப்பந்தயங்களிலும் மின்வெட்டொளி வீரர்களையும் விலங்குகளையும் திடுக்கிடச் செய்யும் என்பதால் தவிர்க்கப்படுகிறது. செய்திப் படங்களில் ஒளி, நிறம், சட்டக அளவு ஆகியவற்றைத் திருத்துவது ஏற்கப்படுகிறது. பந்தையோ ஆளையோ சேர்ப்பதும் நீக்குவதும் ஏற்கப்படுவதில்லை. பள்ளிப் போட்டிகளில் சிறுவர்களின் படங்களை வெளியிடப் பெற்றோர், பள்ளி ஆகியோரின் இசைவைப் பெறுவது நன்முறையாகும். எல்லைக்கோட்டிற்கு வெளியே நிற்பதும், பையையும் தாங்கியையும் வீரர்கள் ஓடிவரக்கூடிய வழியில் வைக்காதிருப்பதும் இரு தரப்பினரின் பாதுகாப்புக்கும் தேவையானவை.

இவற்றையும் பார்க்க

- ஒளிப்படவியல்
- ஒளிப்படக்கருவி
- இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்
- கேத்தி
- இசுனூக்கர்